இதயம் காக்கும் சிறு மாத்திரையும் இல்லறத்தார் நோன்பும்

அருகன் திருவடிகளை வணங்கி இப்பாடத்தைத் தொடங்குகிறேன்.

நம் முன்னோர் நோயையும் மருந்தையும் அறத்தினின்று பிரித்துக் காணவில்லை. காரியாசான் தம் நூலுக்குச் சிறுபஞ்சமூலம் என்றும், கணிமேதாவியார் தம் நூலுக்கு ஏலாதி என்றும் பெயர் இட்டனர். முன்னது ஐந்து சிறு வேர்கள் கூடிய மருந்தின் பெயர். பின்னது ஏலம் முதலாகிய ஆறு பொருள்கள் கூடிய சூரணத்தின் பெயர். உடற்பிணிக்கு மருந்து போல உயிர்ப்பிணிக்கு அறம் என்பது அப்பெயர்களின் கருத்து. தானங்கள் நான்கினுள் ஔஷததானத்தையும் ஒன்றாக வைத்தது நம் சமயம்.

அத்தகைய மரபில் வந்த நம் இல்லங்களில், மாரடைப்பு வந்து மீண்டவர்களும், இதயத் தமனியில் ஸ்டென்ட் என்னும் கம்பிச்சுருள் பொருத்தப்பெற்றவர்களும் இன்று பலர் உளர். அவர்களுக்கு மருத்துவர் தவறாது எழுதித் தருவன குருதி உறைவதைத் தடுக்கும் சிறு மாத்திரைகள். அவற்றை எவ்வாறு உண்பது, எவற்றோடு உண்ணலாகாது, நோன்பு நாளில் என்ன செய்வது என்பனவற்றை ஐயமின்றி அறிந்தோர் மிகச் சிலரே. இவற்றை எளிய முறையில் விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி என் குடும்பத்திலேயே நிகழ்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன், வைகாசித் திங்களில் என் தமையனாருக்கு மாரடைப்பு வந்தது. அடைபட்ட தமனியைத் திறந்து ஸ்டென்ட் பொருத்தினர். மூன்று திங்கள் கழித்துத் தசலட்சணப் பர்வம் வந்தது. ஆண்டுதோறும் பத்து நாளும் கடும் நோன்பு காப்பவர் அவர். "மாத்திரையை இந்தப் பத்து நாள் நிறுத்தி வைக்கலாமா, அம்மா?" என்று என்னைக் கேட்டார். முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியப் பணியாற்றிய நான், தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். "பத்து நாள்தானே, அண்ணா; நோன்பு முடிந்ததும் தொடர்ந்து கொள்ளுங்கள்" என்று கூறிவிட்டேன். ஆறாம் நாள் விடியற்காலையில் அவருக்கு மீண்டும் நெஞ்சுவலி வந்தது. ஸ்டென்டின் உள்ளேயே குருதி உறைந்து தமனியை அடைத்திருந்தது. உயிர் பிழைத்தார், ஆயினும் இதயத்தின் ஒரு பகுதி வலுவிழந்துவிட்டது. முன்பு சைக்கிளில் திருப்பருத்திக்குன்றத்திற்குச் சென்று வந்தவர், இன்று கோயிற் படிகளை ஏறவும் இருமுறை நின்று மூச்சு வாங்குகிறார். அவர் என்னை ஒரு சொல்லும் குறை கூறியதில்லை. நான் சொன்ன அச்சொல்லுக்குப் பிராயச்சித்தமாகவே இதனைக் கற்றேன்; எழுதுகிறேன்.

1. குருதி உறைவது எவ்வாறு?

நம் குருதியில் சிவப்பணு, வெள்ளணு என்பவற்றோடு தட்டணுக்கள் என்னும் மிகச் சிறு துணுக்குகளும் மிதக்கின்றன. ஒரு மைக்ரோலிட்டர் குருதியில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் முதல் நான்கரை இலட்சம் வரை தட்டணுக்கள் இருக்கும். ஒரு தட்டணுவின் வாழ்நாள் ஏழு முதல் பத்து நாள்.

காஞ்சியில் வாழும் நமக்குத் தறியைக் கொண்டு விளக்குவது எளிது. பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் உடனே தறியை நிறுத்தி அதனை முடிந்து இணைக்கிறார். அதுபோல, குருதிக்குழாயில் கீறல் உண்டானால் தட்டணுக்கள் அவ்விடத்தில் ஒட்டி, ஒன்றையொன்று பற்றிக்கொண்டு திரள்கின்றன. அதன்மேல் ஃபைப்ரின் என்னும் நுண்ணிழைகள் ஊடும் பாவும் போலப் பின்னி வலையாகின்றன. கசிவு நிற்கிறது. இவ்வேற்பாடு இல்லையேல் கையில் ஊசி குத்தினாலும் உயிருக்கு இடர்.

ஆனால் இதயத் தமனியின் உட்சுவரில் பல ஆண்டுகளாகக் கொழுப்புப் படிந்து, ஒரு நாள் அப்படிவு வெடிக்குமாயின், தட்டணுக்கள் அதனையும் ஒரு காயம் என்றே கொள்கின்றன. விரைந்து திரண்டு உறைகட்டியை உண்டாக்குகின்றன. குறுகிய தமனி முழுதும் அடைபடுகிறது. அதற்கப்பால் உள்ள இதயத் தசை உயிர்க்காற்றின்றி மடியத் தொடங்குகிறது. இதுவே மாரடைப்பு.

ஸ்டென்ட் பொருத்திய பின்னும் இந்த இடர் தீர்ந்துவிடுவதில்லை. அது உலோகக் கம்பியால் ஆன வலை. அதன்மேல் தமனியின் உட்தோல் படர்ந்து மூடுவதற்குப் பல திங்கள்கள் ஆகலாம். அதுவரையில் தட்டணுக்களுக்கு அது அயற்பொருளே. மாத்திரையை இடையில் நிறுத்துவோருக்கு ஸ்டென்டினுள் குருதி உறைவதன் காரணம் இதுவே.

2. மருந்தின் வரலாறு

இம்மாத்திரைகளுள் மூத்தது ஆஸ்பிரின். ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் 1897ஆம் ஆண்டில் இதனைத் தூய வடிவில் உருவாக்கினார். 1899 முதல் வலிக்கும் காய்ச்சலுக்கும் உரிய மருந்தாக விற்பனைக்கு வந்தது.

இது இதயத்துக்கும் உதவும் என்பதை முதலில் ஊகித்தவர்களுள் ஒருவர் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இருந்த லாரன்ஸ் கிரேவன் என்னும் மருத்துவர். தொண்டைச் சதை நீக்கும் அறுவைக்குப் பின் வலி தீர ஆஸ்பிரின் கலந்த மெல்லுபசையை மிகுதியாக மென்றவர்களுக்கு இரத்தக்கசிவு மிகுந்ததைக் கண்டார். குருதி உறைவதை இது தடுக்கிறது என்றால் மாரடைப்பையும் தடுக்கலாகுமே என்று எண்ணி, 1950ஆம் ஆண்டில் அதனை எழுதினார். மாணவர்கள் இங்கே ஒன்றை உணர வேண்டும். கசிவை உண்டாக்கிய குணமும் அடைப்பைத் தடுக்கும் குணமும் வேறு வேறல்ல, ஒன்றே. இந்த மருந்தைப் பற்றிய எல்லா எச்சரிக்கைகளும் இந்த ஓர் உண்மையிலிருந்தே பிறக்கின்றன.

ஆஸ்பிரின் செயற்படும் வழியை 1971இல் இங்கிலாந்தின் ஜான் வேன் விளக்கினார். அவ்வாராய்ச்சிக்காக 1982இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். தட்டணுவிலுள்ள ஒரு நொதியை ஆஸ்பிரின் நிலையாகச் செயலிழக்கச் செய்கிறது. தட்டணுவுக்கு உட்கரு இல்லை. ஆதலால் அந்நொதியை அது மீண்டும் ஆக்கிக்கொள்ள இயலாது. அதன் வாழ்நாள் முழுதும் அவ்வாறே இருக்கும். எனினும் நாள்தோறும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு தட்டணுக்கள் புதியனவாகப் பிறக்கின்றன. ஆகவேதான் நாள்தோறும் ஒரு மாத்திரை வேண்டும் என்கின்றனர்.

1988இல் வெளிவந்த பேராய்வு ஒன்றில், மாரடைப்பு ஐயத்துடன் மருத்துவமனைகளில் சேர்ந்த 17,187 பேர் பங்கு கொண்டனர். ஐந்து வாரத்தில் இதய, குருதிக்குழாய் நோயால் இறந்தோர், ஆஸ்பிரின் உண்டவர்களுள் நூற்றுக்கு 9.4, வெற்று மாத்திரை உண்டவர்களுள் நூற்றுக்கு 11.8. அதாவது ஆயிரவர்க்கு ஏறத்தாழ 24 உயிர்கள் காக்கப்பெற்றன.

3. இரண்டு மாத்திரைகள் எதற்கு? எவ்வளவு காலம்?

தட்டணுக்கள் திரள்வதற்குப் பல வழிகள் உண்டு. ஆஸ்பிரின் ஒரு வழியை அடைக்கிறது. குளோபிடோகிரல், பிரசுகிரல், டிகாகிரெலார் என்பன மற்றொரு வழியை அடைக்கின்றன. கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் சலீம் யூசுப் என்னும் மருத்துவர் தலைமையில் 12,562 பேரிடம் நடந்த ஆய்வு 2001இல் வெளியாயிற்று. ஆஸ்பிரின் மட்டும் உண்டவர்களுள் நூற்றுக்கு 11.4 பேர் இதயநோயால் இறந்தனர், அல்லது மீண்டும் மாரடைப்போ பக்கவாதமோ அடைந்தனர். குளோபிடோகிரலும் சேர்த்து உண்டவர்களுள் அது 9.3 ஆகக் குறைந்தது. அதே வேளையில் பெரிய அளவிலான இரத்தக்கசிவு நூற்றுக்கு 2.7 என்பதிலிருந்து 3.7 ஆக உயர்ந்தது. நன்மை மிகுதி, ஆயினும் விலையின்றி வரவில்லை.

ஆதலால்தான் இரண்டாம் மாத்திரைக்குக் கால எல்லை உண்டு. மாரடைப்புக்குப் பின் பொதுவாகப் பன்னிரண்டு திங்கள் இரண்டையும் தருகின்றனர். மாரடைப்பின்றித் திட்டமிட்டு ஸ்டென்ட் பொருத்தியவர்களுக்குப் பொதுவாக ஆறு திங்கள். கசிவு எளிதில் உண்டாகும் உடல்நிலை உடையோருக்கு மருத்துவர் இதனைக் குறைப்பார். வேறு சிலருக்கு நீட்டிப்பார். அதன்பின் ஒரு மாத்திரை மட்டும், பெரும்பாலும் ஆஸ்பிரின், வாழ்நாள் முழுதும் தொடரும். நாளது எல்லையை வகுப்பவர் இதயநோய் மருத்துவர் ஒருவரே. நோயாளரோ, உறவினரோ, மருந்துக் கடைக்காரரோ, என்னைப் போன்ற ஓய்வு பெற்ற ஆசிரியரோ அல்லர்.

இங்கே ஒரு சொற்குழப்பத்தையும் தீர்த்துக் கொள்வோம். இவற்றை மக்கள் "இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை" என்கின்றனர். குருதி நீர்ப்பதில்லை, தட்டணுக்களின் ஒட்டும் தன்மையே குறைகிறது. இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியோர் உண்ணும் வார்ஃபரின், அசிட்ரோம் முதலியன வேறு வகை. அவற்றிற்கு அடிக்கடி குருதிச் சோதனை செய்து அளவை மாற்ற வேண்டும். ஆஸ்பிரினுக்கு அது வேண்டுவதில்லை. இரு வகையையும் ஒன்றாக எண்ணி மாற்றி உண்பது பேரிடர்.

4. நோன்பு நாளில் என் செய்வது?

இதுவே நம் இல்லங்களில் எழும் முதல் வினா. என் தமையனாரை இடருக்குள்ளாக்கியதும் இதுவே.

தவம் பன்னிரண்டு வகை என்பது நாம் சிறு வயதில் பயின்றது. புறத்தவம் ஆறு, அகத்தவம் ஆறு. உண்ணாமையாகிய அனசனம் அப்பன்னிரண்டில் ஒன்று மட்டுமே. குறைத்து உண்ணல் ஒரு தவம். உப்பு, நெய், இனிப்பு முதலிய சுவைகளைத் துறத்தல் ஒரு தவம். நூல் ஓதுதல் ஒரு தவம்; தியானம் ஒரு தவம். ஸ்டென்ட் பொருத்தி ஓராண்டு நிறையாத ஒருவருக்கு நீரும் பருகாத உபவாசம் இயலவில்லை என்றால், அவருக்குத் தவத்தின் வாயில் அடைபட்டுவிடவில்லை.

நடைமுறையில் செய்யத்தக்கன இவை. பர்வம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்னதாகவே மருத்துவரிடம் சென்று, "இத்தனை நாள், இவ்வகை நோன்பு காக்க விரும்புகிறேன்" என்று தெளிவாகக் கூறுக. நம் நோன்பு முறையை அறியாத மருத்துவராயின் விளக்கிச் சொல்லுக. "விரதம்" என்ற ஒரு சொல்லோடு நிறுத்தற்க. ஏகபுக்தம் காப்பவர், மருத்துவர் உடன்பட்டால் அவ்வேளை உணவுக்குப் பின் மாத்திரையை உண்ணலாம். வெறும் வயிற்றில் ஆஸ்பிரின் சிலருக்கு இரைப்பையைப் புண்படுத்தும். அதற்குக் காப்பாக வேறொரு மாத்திரை வேண்டுமா என்பதையும் கேட்டறிக. நீரிழிவு, குருதி அழுத்தம் ஆகியவற்றிற்கு மாத்திரை உண்போருக்கு நோன்பு நாளில் அவற்றின் அளவும் மாறக்கூடும். விரதம் ஏற்கும்போதே "மருந்து நீங்கலாக" என்று குருவிடம் விண்ணப்பித்து ஏற்பது ஒரு வழி. நோன்பின் நடுவில் மனம் கலங்குவதைக் காட்டிலும் தொடக்கத்தில் தெளிந்து ஏற்பது மேலன்றோ!

5. இரவுண்ணாமையும் இருவேளை மாத்திரையும்

ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும் நாளுக்கு ஒரு வேளை உண்பன. பகலில் உணவுக்குப் பின் உண்டால் போதும், இரவுண்ணாமைக்கு இடையூறில்லை. டிகாகிரெலார் அவ்வாறன்று. அது நாளுக்கு இருமுறை, ஏறத்தாழப் பன்னிரண்டு மணி இடைவெளியில் உண்ண வேண்டியது. காலை ஒன்பதுக்கும் இரவு ஒன்பதுக்கும் என்று எழுதித் தந்தால், ஞாயிறு மறைந்தபின் நீரும் பருகாதவர்கள் இரவு மாத்திரையை விட்டுவிடுகின்றனர், யாரிடமும் சொல்வதுமில்லை. இம்மருந்தின் செயல் விரைவிலேயே குறையும் தன்மையது. அதனால் பாதி மருந்து உண்போருக்குப் பாதுகாப்பும் குறைவே.

இதற்கு வழி உண்டு. நம் ஊரில் மார்கழியிலும் பகற்பொழுது பதினோரு மணிக்கு மேல் நீளும். ஞாயிறு எழுந்தபின் ஒரு மாத்திரையும், மறைவதற்குமுன் மாலையுணவோடு ஒன்றும் உண்ணும்படி வேளையை அமைக்கலாமா என்று மருத்துவரைக் கேட்கலாம். அல்லது ஒருவேளை மாத்திரையாகிய வேறொன்றுக்கு மாற்ற இயலுமா என்று கேட்கலாம். மாற்றுவதாயின் அவரே மாற்ற வேண்டும். டிகாகிரெலார் உண்போருள் சிலருக்கு மூச்சுத் திணறல் போன்ற உணர்வு தோன்றும். அஞ்சி நிறுத்தாது மருத்துவரிடம் கூறுக.

6. கேப்சூலின் உறை

பட்டிழை எவ்வாறு வந்தது என்று கேட்கும் சமயம் நம்முடையது. பட்டு நெய்யும் ஊரில் வாழ்ந்துகொண்டே அவ்வினாவை நம் பெரியோர் கேட்டுவந்தனர். அவ்வாறே கேப்சூலின் உறை எதனால் ஆனது என்று கேட்பதும் முறையே. பெரும்பாலான கேப்சூல்களின் உறை ஜெலட்டின். அது விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படுவது. ஆஸ்பிரினையும் கொழுப்பைக் குறைக்கும் மருந்தையும் ஒன்றாக அடைத்த கேப்சூல்கள் இப்போது மிகுதியாக எழுதப்படுகின்றன. உறையின் செய்தியை அறிந்ததும் மருந்தையே விட்டவர்களை நான் அறிவேன்.

வினா சரியானது, விடைதான் தவறு. ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டார்வாஸ்டாட்டின் ஆகிய மூன்றும் தனித்தனி மாத்திரைகளாகவே கிடைக்கின்றன. "எனக்குக் கேப்சூல் வேண்டா, மாத்திரையாக எழுதித் தருக" என்று கேட்டால் மருத்துவர் எழுதித் தருவார். தாவர நாரிலிருந்து செய்த உறைகளும் உண்டு. கேப்சூலைத் தாமே பிரித்து உள்ளிருப்பதைக் கரைத்துண்பது மட்டும் ஆகாது; வயிற்றில் கரையாது குடலில் கரையுமாறு அமைத்த பூச்சு அதனால் கெடும். மாற்று மருந்து கைக்கு வரும்வரை இருப்பதை நிறுத்தலாமா என்பதையும் அவரிடமே கேட்டுத் தெளிக.

மருத்துவமனையில் மாரடைப்பின்போது இடப்படும் ஹெப்பாரின் ஊசிமருந்து பன்றியின் குடலிலிருந்து பெறப்படுவது. செயற்கையாகச் செய்த ஃபோண்டபேரினக்ஸ் என்னும் மருந்தும் உண்டு. ஆயினும் எல்லா நிலைக்கும் அது ஒவ்வாது. நம் விருப்பத்தை முன்னரே மருத்துவரிடம் சொல்லி வைக்கலாம். உயிர் போகும் வேளையில் வாதிட்டுக் காலம் கடத்தலாகாது. இதில் அறநெறித் தீர்ப்புக் கூற எனக்குத் தகுதியில்லை; ஐயமுடையோர் சித்தாமூர் ஜினகாஞ்சி மடத்தையோ முனிவர்களையோ அணுகித் தெளிவு பெறுக.

7. மருந்தை விடுதல் சல்லேகனை ஆகாது

"வயது எழுபத்தைந்து ஆயிற்று, இனி மாத்திரை எதற்கு? சல்லேகனை என்று கொள்கிறேன்" என்று கூறும் முதியோர் உளர். அவர்கள் சமந்தபத்திர ஆசாரியரின் வரலாற்றை நினைவுகூர வேண்டும். காஞ்சியோடு தொடர்புடையவராக மரபு போற்றும் அப்பெருமானே சல்லேகனைக்கு உரிய நிலைகளை இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் வகுத்துரைத்தவர். அந்நூலின் வழியில் தமிழில் அமைந்ததே அருங்கலச்செப்பு. உபசர்க்கம், பஞ்சம், முதுமை, நோய் என்பவை விலக்க இயலாதவையாக வந்துற்றபோதே அது விதிக்கப்படுகிறது. அவருக்குப் பஸ்மகம் என்னும் தீராப் பசிநோய் வந்தபோது சல்லேகனைக்கு அனுமதி வேண்டினார் என்றும், அவரால் ஆகவேண்டிய அறப்பணி மிகுதி என்று கண்ட குரு மறுத்துவிட்டார் என்றும், நோய் தீர்ந்தபின் மீண்டும் தீட்சை பெற்றார் என்றும் கதைகள் கூறுகின்றன.

மருந்தால் காக்கத்தக்க நோய் விலக்க இயலாத நோய் அன்று. குருவின் அனுமதியின்றி, குடும்பத்தார்க்கும் சொல்லாது மாத்திரையை விடுவது தவமும் அன்று. அதன் முடிவு அமைதியான மரணமாகவே இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. பாதி இதயத்தோடு பல்லாண்டு படுக்கையில் கிடப்பதாகவும் முடியலாம்.

8. இல்லத்தில் கைக்கொள்ள வேண்டியவை

(அ) மாத்திரையின் பெயர், அளவு, ஸ்டென்ட் பொருத்திய நாள், இரண்டாம் மாத்திரையை நிறுத்த மருத்துவர் குறித்த நாள் ஆகிய நான்கையும் ஓர் அட்டையில் எழுதிச் சட்டைப்பையிலோ கைப்பையிலோ வைத்திருக்க.

(ஆ) வணிகப் பெயர்கள் பல, மருந்து ஒன்றே. எக்கோஸ்பிரின் என்பதும் ஆஸ்பிரினே. இரு மருத்துவர் இரு பெயரில் எழுதிய ஒரே மருந்தை இரட்டிப்பாக உண்போர் உண்டு. எல்லாச் சீட்டுகளையும் ஒரே மருத்துவரிடம் காட்டுக.

(இ) ஒருவேளை மறந்தால் நினைவு வந்தவுடன் உண்க. அடுத்த வேளை நெருங்கிவிட்டால் மறந்ததை விட்டுவிடுக. ஈடு செய்ய இரண்டாக உண்ணற்க. நாட்காட்டியில் அன்றன்று குறியிடும் வழக்கம் நன்று.

(ஈ) மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் கடையில் கேட்டு வாங்கும் இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் முதலியன இரத்தக்கசிவை மிகுவிக்கும். இபுபுரூஃபன் ஆஸ்பிரினின் செயலையும் தடுக்கும். குழித்தறியில் நாளெல்லாம் அமர்ந்து இடுப்பு நோகும் நம் ஊரார்க்கு இது மிக வேண்டிய செய்தி. வலிக்கும் காய்ச்சலுக்கும் பாரசிட்டமால் ஏற்றது. அதனையும் அளவறிந்து உண்க.

(உ) நெஞ்செரிச்சலுக்கு ஓமிப்ரசோல், ஈசோமிப்ரசோல் ஆகியவற்றைத் தாமே வாங்கி உண்ணற்க. குளோபிடோகிரல் உடலில் செயல்வடிவம் பெறுவதை அவை குறைக்கின்றன. வேண்டுமாயின் பேன்டோப்ரசோல் போன்ற வேறொன்றை மருத்துவர் தருவார்.

(ஊ) சமையலில் இடும் மஞ்சளாலும் இஞ்சியாலும் அச்சமில்லை. அவற்றின் சாரத்தைச் செறிவாக்கி விற்கும் மாத்திரைகளும் சூரணங்களும் வேறு. அவற்றை உண்பதாயின் மருத்துவருக்குத் தெரிவிக்க.

(எ) பல் பிடுங்குவதற்கும் கண் அறுவைக்கும் முன் "நான் இம்மாத்திரை உண்கிறேன்" என்று கூறுக. பல் பிடுங்குதல் போன்ற சிறு சிகிச்சைகளைப் பெரும்பாலும் மாத்திரையை நிறுத்தாமலே, கசிவை அடக்கும் முறைகளைக் கையாண்டு செய்ய இயலும். பெரிய அறுவையைத் தள்ளிப்போடலாமா, எந்த மாத்திரையை எத்தனை நாள் நிறுத்துவது என்பனவற்றை அறுவை மருத்துவரும் இதயநோய் மருத்துவரும் கலந்து முடிவு செய்வர்.

(ஏ) டெங்குக் காய்ச்சலில் தட்டணுக்கள் குறையும். மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டால் அன்றே மருத்துவரை நாடி, இம்மாத்திரை உண்பதைக் கூறுக.

(ஐ) பொன்னூர் மலைக்கோ, சம்மேத சிகரத்துக்கோ யாத்திரை செல்கையில் ஒரு வாரத்துக்குக் கூடுதலாகவே மாத்திரை எடுத்துச் செல்க. ஈரத்தில் கெட்ட ஆஸ்பிரின் காடி நாற்றம் வீசும், அதனை உண்ணற்க.

(ஒ) செலவு கருதி விடற்க. அரசு மருத்துவமனைகளில் இவை இலவசம். மக்கள் மருந்தகங்களிலும் 2025இல் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் விலை குறைவு.

(ஓ) உங்கள் மாத்திரையை அயலார்க்கு ஈயற்க. இதயநோய் இல்லாத, எழுபது வயதைக் கடந்த முதியோரையே பெரும்பாலும் கொண்டு ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் நடத்திய ஆய்வு 2018இல் வெளியாயிற்று. 19,114 பேர் பங்கு கொண்ட அதில், நாள்தோறும் ஆஸ்பிரின் உண்டதால் அவர்களுக்கு நன்மை காணப்படவில்லை, இரத்தக்கசிவே மிகுந்தது. நோயுற்றவரைக் காக்கும் மருந்து நோயற்றவருக்குத் தீங்கு. ஔஷததானம் என்பது தக்கார்க்குத் தக்க மருந்தை அளிப்பதே.

9. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அடையாளங்கள்

மலம் தார் போலக் கறுத்துப் போதல். காப்பித்தூள் கரைத்தாற்போலவோ குருதியாகவோ வாந்தி எடுத்தல். சிறுநீரில் குருதி. மூக்கிலோ காயத்திலோ பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தும் நில்லாத கசிவு. திடீரென்ற கடுந்தலைவலி, வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல், கைகால் தளர்தல். கீழே விழுந்து தலையில் அடிபடுதல். புறத்தே காயம் தெரியாவிடினும் காட்டியே ஆகவேண்டும்.

பல் துலக்குகையில் சிறு கசிவு, தோலில் சிறு நீலத்தடிப்பு ஆகியன பெரும்பாலும் அஞ்சத்தக்கன அல்ல. அடுத்த முறை செல்கையில் கூறினால் போதும். அவற்றைக் கண்டு மாத்திரையை நிறுத்தற்க. சரிகை கீறிய விரலைத் தூய பருத்தித் துணியால் சற்று நீண்ட நேரம் அழுத்திப் பிடித்தால் கசிவு நிற்கும்.

10. நெஞ்சுவலி வந்தால்

நெஞ்சை அழுத்துவது போன்ற வலி, இடக்கைக்கோ தாடைக்கோ பரவுதல், வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியன தோன்றினால் வாயுப் பிடிப்பு என்று கருதிக் கஷாயம் வைத்துக்கொண்டிராது 108ஐ அழைக்க. பெண்களுக்கும் நீரிழிவு உடையோருக்கும் வலியின்றிக் களைப்பும் குமட்டலும் மட்டுமே தோன்றுவதுண்டு.

தமிழ்நாடு அரசு 2023இல் "இதயம் காப்போம்" என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. ஊர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் பதினான்கு மாத்திரைகள் கொண்ட முதலுதவித் தொகுப்பு வைக்கப்பட்டது. ஆஸ்பிரின் 150 மில்லிகிராம் இரண்டு, குளோபிடோகிரல் 75 மில்லிகிராம் நான்கு, அட்டார்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் எட்டு என்பது அதன் கணக்கு. பெரிய மருத்துவமனையை அடையும்முன் வீணாகும் நேரத்தில் உறைகட்டி வளராது தடுப்பதே நோக்கம். சிற்றூரில் வாழும் நம்மவர் தம் ஊருக்கு அண்மையில் உள்ள நிலையம் எது என்பதை இன்றே அறிந்து வைக்க. இத்தொகுப்பைத் தாமே வீட்டில் கூட்டி உண்பது முறையன்று. வலி மாரடைப்புத்தானா என்று சுகாதார நிலையத்தார் ஆராய்ந்த பின்னரே தருவர்.

பயிற்சி வினாக்கள்

பிள்ளைகள் தம் பாட்டன் பாட்டியரிடம் இவ்வினாக்களைக் கேட்டு விடை பெறுக.

1. தங்கள் மாத்திரைகளின் பெயர் யாது? ஒவ்வொன்றும் எதற்கு உரியது?
2. இரண்டாம் மாத்திரையை எந்நாள் வரை உண்ண வேண்டும் என்று மருத்துவர் கூறினார்?
3. அடுத்த நோன்புக்கு முன் மருத்துவரிடம் என்ன கேட்க எண்ணியுள்ளீர்?
4. மூட்டுவலி வந்தால் எம்மாத்திரையை உண்ணலாகாது?
5. தவங்கள் பன்னிரண்டில், மாத்திரையை விடாமலே காக்கத்தக்கன எவை?

முடிவுரை

அகத்தவங்களுள் வையாவிருத்தியம் ஒன்று. நோயுற்றோர்க்கும் முதியோர்க்கும் தொண்டு செய்தல் அதன் பொருள். காலையில் மாத்திரையும் காய்ச்சி ஆறிய நீரும் எடுத்து வந்து, "தாத்தா, மருந்து உண்டீர்களா?" என்று கேட்கும் குழந்தை அத்தவத்தைச் செய்கிறது. என் தமையனார்க்கு இப்போது அப்பணியைச் செய்வது அவருடைய பேத்தி. சென்ற தசலட்சணத்தில் அவர் மருத்துவர் இசைவோடு பத்து நாளும் ஏகபுக்தம் காத்தார். இரு சுவைகளைத் துறந்தார். ஒரு மாத்திரையும் தவறவில்லை. பத்தாம் நாள் மாலை, "இந்த ஆண்டு நோன்பு நிறைந்தது, அம்மா" என்றார்.

உங்கள் இல்லங்களிலும் அவ்வாறே நோன்பு நிறைவதாக. அறம் வளர்க!